ஊர் கூடி எழுதும் விளையாட்டு வரலாறு

நுழையும்முன்

ஊர் கூடி இழுத்தால்தான் தேர் நிலைக்கு வரும் என்பர். ஓர் ஊரின் வரலாறும் அத்தகையதே. மன்னர்களின் செயல்கள் கல்வெட்டுகளில் உள்ளன. தலைவர்களின் வாழ்க்கை நூல்களில் உள்ளது. நம் தெருவில் பந்தாடியவர்களின் வரலாறு எங்கே உள்ளது? அதனை யார் எழுதுவது? எவ்வாறு எழுதுவது? பெங்களூரின் கால்பந்து வரலாற்றைச் சான்றாகக் கொண்டு இவ்வினாக்களுக்கு விடை காண்போம்.

பேசாத படம்

பழைய வீடுகளில் உள்ள தகரப் பெட்டியைத் திறந்து பார்த்தால், சில வேளைகளில் அதன் அடியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கிடைக்கும். பின்வரிசையில் ஆறு இளைஞர்கள் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பர். முன்வரிசையில் ஐவர் அமர்ந்திருப்பர். அவர்கள் நடுவே ஒரு கோப்பை இருக்கும். படத்தைத் திருப்பிப் பார்த்தால், அதனை எடுத்த நிலையத்தின் முத்திரை மட்டும் மங்கலாகத் தெரியும். பெயர்கள் இரா.

வீட்டிலுள்ள பாட்டி ஒருவரைச் சுட்டிக்காட்டி, "இவர்தான் உன் தாத்தா" என்பார். மற்றப் பதின்மரும் யாவர்? எந்தக் கோப்பையை வென்றனர்? எந்தத் திடலில் ஆடினர்? பாட்டி அறியார். அடுத்த தெருவில் வாழும் முதியவர் ஒருவர் அறிந்திருக்கக்கூடும். அவர் இன்று இருக்கிறார். அவரிடம் கேட்பதற்கு நாம் காலம் தாழ்த்தினால், படம் எஞ்சும். பெயர் சொல்வதற்கு ஆள் எஞ்சார். ஊரின் விளையாட்டு வரலாற்றைக் காக்கும் பணி விரைந்து செய்ய வேண்டிய பணியாக இருப்பதற்கு இதுவே காரணம்.

படைப்பாளையமும் பந்தும்

பெங்களூரில் ஆங்கிலேயர் 1809-ஆம் ஆண்டில் தம் படைகளுக்காகக் கண்டோன்மென்ட் எனப்படும் பாளையத்தை அமைத்தனர். சென்னை மாகாணப் படைப்பிரிவுகள் அங்கு வந்து தங்கின. அவற்றைப் பின்தொடர்ந்து வணிகர், தச்சர், சமையற்காரர், வண்டியோட்டிகள் எனத் தமிழ் மக்கள் பலரும் சென்றனர். அல்சூர், சிவாஜிநகர், ஆஸ்டின் டவுன் முதலிய பகுதிகளில் தமிழ்க் குடியிருப்புகள் பெருகின. படைவீரர்கள் மாலைநேரங்களில் கால்பந்து ஆடினர். அதனைக் கண்டு கற்ற உள்ளூர் இளைஞர்கள், காலணி இல்லாமலேயே அவ்வாட்டத்தில் தேர்ச்சி பெற்றனர்.

அத்தேர்ச்சி விரைவில் நாடறிய விளங்கிற்று. பம்பாயில் நடைபெற்று வந்த ரோவர்ஸ் கோப்பைப் போட்டியில் ஆங்கிலப் படை அணிகளே நெடுங்காலம் வென்று வந்தன. 1937-இல் பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி அக்கோப்பையைக் கைப்பற்றியது. படையைச் சாராத இந்திய அணியொன்று அக்கோப்பையை வென்றது அதுவே முதன்முறை. மறு ஆண்டும் அவ்வணியே வென்றது. மாநிலங்களுக்கு இடையிலான சந்தோஷ் கோப்பையை மைசூர் அணி 1946-47, 1952-53, 1967-68, 1968-69 ஆகிய பருவங்களில் வென்றது.

1948-இல் இலண்டன் ஒலிம்பிக்கில் இந்தியா முதன்முதலாகக் கால்பந்து ஆடியது. எதிரணி பிரான்சு. நம் வீரர்களுள் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினர். ஆட்டம் 2-1 என்னும் கணக்கில் கைநழுவிப் போயிற்று. இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த முதல் கோல் அதுவே. அதே அணியில் பெங்களூரின் அகமது கானும் தன்ராஜும் இருந்தனர். பின்னர் இவ்விருவரும் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணியில் ஆடியபோது, அவ்வணியின் முன்கள ஆட்டக்காரர் ஐவரையும் மக்கள் 'பஞ்ச பாண்டவர்' என்று அழைத்தனர். 1962-இல் சகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் அருமைநாயகம் இடம்பெற்றிருந்தார்.

ஏடுகளில் இல்லாத செய்திகள்

மேலே கண்ட செய்திகள் விளையாட்டு ஏடுகளில் உள்ளன. கோப்பை, ஆண்டு, கோல் எண்ணிக்கை ஆகியவற்றை ஏடுகள் காத்து வைக்கும். ஆயின் ஒரு வீரரை உருவாக்கிய தெருவைப் பற்றி அவை ஒன்றும் கூறா.

வெறுங்காலில் ஆடப் பழகிய சிறுவனுக்கு முதற்பந்து எங்கிருந்து கிடைத்தது? கிழிந்த தோற்பந்தைத் தைத்துக் கொடுத்தவர் யார்? திடலில் கல் பொறுக்கிச் சுண்ணாம்புக் கோடு போட்டவர் யார்? வெளியூர்ப் போட்டிக்குச் செல்லும் பயணச் செலவைக் கடைகடையாகச் சென்று திரட்டியவர் யார்? சேறு படிந்த பதினொரு சட்டைகளையும் துவைத்து உலர்த்திய தாய் யார்? இவர்கள் இன்றி அணி இல்லை. எனினும் எந்தக் கோப்பையிலும் இவர்களுடைய பெயர் பொறிக்கப்படுவதில்லை.

தோற்ற அணிகளின் நிலையும் இதுவே. ஒரு போட்டியில் பதினாறு அணிகள் கலந்துகொண்டால், ஏட்டில் நிலைப்பது ஓர் அணியின் பெயர்; மிஞ்சினால் இரண்டு. மற்றப் பதினான்கு அணிகளும் ஆடியதனாலன்றோ அது போட்டியாயிற்று? மாநில அணிக்குத் தேர்வு பெறாமல், வாழ்நாள் முழுவதும் தெரு அணியிலேயே ஆடியவர்கள் எத்தனை பேர்! ஊர் வரலாறு அவர்களையும் உள்ளடக்க வேண்டும்.

அல்சூரை ஒட்டியுள்ள கௌதமபுரத்தில் தமிழ் பேசும் மக்கள் மிகுதியாக வாழ்கின்றனர். அப்பகுதியைப் பெங்களூர் மக்கள் 'குட்டி பிரேசில்' என்பர். அங்கே அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா ஆகியோரின் சிலைகளோடு பிரேசில் வீரர் பெலேயின் சிலையும் நிற்கிறது. தமக்கு அறிவும் அன்பும் நல்கியோருக்கு நிகராக ஒரு கால்பந்து வீரரையும் அம்மக்கள் போற்றுகின்றனர். விளையாட்டு அவர்களுக்குப் பொழுதுபோக்கினும் மேலானது என்பதை அச்சிலை காட்டுகிறது. தெருவின் நினைவைத் தெருவே காத்துக்கொள்ள இயலும் என்பதற்கும் அது சான்றாகும்.

வரலாறு எவ்வாறு அழிகிறது?

ஊரின் விளையாட்டு வரலாறு ஒரே நாளில் அழிவதில்லை. சிறிது சிறிதாகக் கரைகிறது. அதற்குக் காரணங்கள் சில உள.

முதலாவது, அணியைப் பேணிய நிறுவனம் மூடப்படுதல். கர்நாடகத்தின் கோலார் தங்கவயல், சுரங்கங்களால் உருவாகிய ஊர். தமிழகத்தின் வட மாவட்டங்களிலிருந்து பெருந்திரளானோர் அங்குச் சென்று உழைத்தனர். சுரங்க வேலைக்குப் பின் விளையாட்டுத் திடல்களில் கூடினர். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. வேலை இழந்த குடும்பங்கள் பல வேறிடங்களுக்குப் பெயர்ந்தன. ஒரே அணியில் ஆடியவர்கள் ஊர்ஊராகச் சிதறினால், அவர்களுடைய நினைவுகளும் சிதறும். பெங்களூரிலும் எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. முதலிய பொதுத்துறை நிறுவனங்கள் கால்பந்து அணிகளை வைத்திருந்தன. நன்றாக ஆடும் இளைஞர்க்கு ஆட்டத்தால் வேலை கிடைத்தது. அக்காலம் மாறியபின் அணிகளின் கதைகளும் மங்கலாயின.

இரண்டாவது, திடல் மறைதல். திடல் இருக்கும்வரை அதனைக் காணும்போதெல்லாம் முதியோர்க்கு ஒரு நினைவு எழும். அங்கே கட்டடம் எழுந்துவிட்டால் அந்நினைவைத் தூண்டுவது எதுவுமில்லை.

மூன்றாவது, வீடு மாறுதல். வாடகை வீடுகளில் வாழ்வோர் இடம்பெயரும்போது, சுமையைக் குறைப்பதற்காகப் பழைய தாள்களையும் துருப்பிடித்த கோப்பைகளையும் பழைய பொருள் வாங்குவோரிடம் கொடுத்துவிடுவர். புலம்பெயர்ந்த நம் குடும்பங்களில் இது அடிக்கடி நிகழ்வதாகும்.

நான்காவது, முதுமை. நினைவுடையவர் மறைந்தால் அவர் மனத்தில் இருந்த ஏடு முழுவதும் அவருடன் மறையும்.

கொல்கத்தா காட்டும் வழி

நினைவைக் காத்த ஊருக்கும் ஒரு சான்று காண்போம். 1911 சூலை 29 அன்று, கொல்கத்தாவின் மோகன் பகான் அணி ஐ.எப்.ஏ. கேடயத்தின் இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என வென்றது. பதினொருவருள் பதின்மர் வெறுங்காலினர். நூறாண்டுகளுக்கு மேல் கடந்த பின்னும் அப்பதினொருவரின் பெயர்களையும் அவ்வூர் மறக்கவில்லை. ஆண்டுதோறும் சூலை 29 'மோகன் பகான் நாள்' எனக் கொண்டாடப்படுகிறது.

வெற்றி பெரிது என்பதால் மட்டும் அது நிலைத்ததன்று. ஆட்டத்தைப் பார்த்தோர் பிள்ளைகளுக்குக் கூறினர். இதழ்கள் எழுதின. ஆர்வலர்கள் படங்களைக் காத்தனர். பலருடைய சிறு பங்களிப்புகள் ஒன்றுசேர்ந்து ஒரு நகரத்தின் நினைவாயின.

எவற்றைச் சேர்க்கலாம்?

பங்களிப்பு என்றதும் பெரிய பொருள்களையே பலரும் நினைக்கின்றனர். "எங்கள் வீட்டில் கோப்பை ஒன்றும் இல்லையே" என்பர். கோப்பை வேண்டியதில்லை. அணியின் குழுப்படம், போட்டி அறிவிப்புத் துண்டு, நுழைவுச்சீட்டு, சான்றிதழ், செய்தித்தாள் நறுக்கு, சங்கத்தின் வரவு செலவுக் குறிப்பேடு, வெளுத்துப்போன சட்டை ஆகிய எதுவும் சான்றாகும். வரவு செலவுக் குறிப்பேட்டில் 'பந்து தைக்க' என ஒரு வரி இருந்தால், அதுவே ஒரு காலத்தின் நிலையை நமக்கு உணர்த்தும்.

பொருளே இல்லாதவரும் நினைவைத் தரலாம். திடலின் பழைய பெயர், வீரர்களின் பட்டப்பெயர், பார்வையாளர் எழுப்பிய முழக்கம், மழையில் நின்றுபோன ஆட்டம் முதலியன வாய்மொழியாகவே வாழ்கின்றன. இவற்றைத் தொகுப்பதனை வாய்மொழி வரலாறு என்பர். பெண்களிடமும் தவறாது கேட்க வேண்டும். ஆட்டத்தை வேலியோரம் நின்று பார்த்த அத்தைக்கும், வெற்றி விழாவுக்குச் சமைத்த பாட்டிக்கும், பள்ளி அணியில் தாமே ஆடிய பெரியம்மாவுக்கும் சொல்வதற்குச் செய்திகள் இருக்கும்.

தொகுக்கும் முறை

1. இசைவு பெறுதல்: பொருளைப் பார்ப்பதற்கும் படியெடுப்பதற்கும் உரியவரிடம் முதலில் இசைவு பெறுக. மூலப்பொருள் அவர் வீட்டிலேயே இருக்கட்டும். நமக்குப் படியே போதும்.

2. படியெடுத்தல்: படத்தைச் சமதளத்தில் வைத்து, நேர்வெயில் படாத பகல் வெளிச்சத்தில் கைப்பேசியால் படியெடுக்கலாம். முன்பக்கத்தைப் போலவே பின்பக்கத்தையும் எடுக்க வேண்டும். ஏட்டில் ஒட்டிய படத்தை உரித்தெடுத்தல் கூடாது, கிழிந்துவிடும்.

3. எண்ணிடுதல்: ஒவ்வொரு படத்திற்கும் ஓர் எண் இடுக. குறிப்பேட்டில் அவ்வெண்ணுக்கு எதிரே, தந்தவர், எடுத்த இடம், ஆண்டு, படத்திலுள்ளோர் ஆகிய விவரங்களை எழுதுக. பெயர்களை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கமாக, வரிசைவாரியாக எழுதுதல் மரபு. பெயர் தெரியாதவர்க்கு உரிய இடத்தை வெறுமையாக விடுக. பின்னர் ஒருவர் வந்து நிரப்புவார்.

4. உரையாடுதல்: படத்தை முதியவரின் கையில் கொடுத்துவிட்டு வினவுக. "தாத்தா, நீங்கள் நன்றாக ஆடுவீர்களா?" என்று கேட்டால், "ஆடுவேன்" என்ற ஒரு சொல்லோடு விடை முடிந்துவிடும். "தாத்தா, உங்கள் வலப்பக்கம் நிற்பவர் யார்? அன்று திடலுக்கு எப்படிப் போனீர்கள்?" என்று கேட்டால் கதை பிறக்கும். அவர் பேசும்போது குறுக்கிடாதீர்கள். அவர் கூற விரும்பாதவற்றை வற்புறுத்திக் கேட்காதீர்கள்.

5. திருப்பித் தருதல்: எழுதியதை அவரிடம் படித்துக்காட்டித் திருத்தம் பெறுக. தொகுப்பு நிறைவுற்றதும் பங்களித்த ஒவ்வொரு வீட்டிற்கும் ஒரு படி கொடுக்க வேண்டும். அவ்வாறு செய்தால் அடுத்த முறை நம்மை நம்பிப் பெட்டியைத் திறப்பர்.

நினைவும் சான்றும்

நினைவு மதிப்புடையது, ஆயினும் பிழைபடக்கூடியது. முதியவர் ஒருவர், "1968-இல் சந்தோஷ் கோப்பையை வென்றோம்" என்கிறார் எனக் கொள்வோம். மற்றொருவர், "இல்லை, 1969" என்கிறார். யார் கூறுவது சரி?

மைசூர் அணி 1967-68, 1968-69 என அடுத்தடுத்த இரு பருவங்களிலும் வென்றது என்பதை முன்னர்க் கண்டோம். ஒவ்வொரு பருவமும் இரண்டு ஆண்டுகளில் பரவி நிற்கிறது. ஆகவே இருவரும் வெவ்வேறு வெற்றிகளைக் குறிப்பிடலாம். ஒரே வெற்றியை இருவேறு ஆண்டுகளால் குறிப்பிடுதலும் கூடும். "ஆட்டம் எந்த ஊரில் நடந்தது? அன்று கோல் காவலர் யார்?" என வினவினால் தெளிவு பிறக்கும். பின்னர் நூலகத்தில் அக்காலச் செய்தித்தாள்களைப் பார்க்கலாம். சென்னையின் 'தி இந்து' 1878 முதலும் பெங்களூரின் 'டெக்கான் ஹெரால்டு' 1948 முதலும் வெளிவருகின்றன. அங்கும் விடை கிடைக்கவில்லையெனில், இருவர் கூற்றையும் அவரவர் பெயருடன் எழுதி வைத்தல் வேண்டும். நமக்கு இனிமையாகத் தோன்றும் ஒன்றை மட்டும் உண்மையென எழுதுதல் முறையன்று.

பெயரைக் காக்கும் மொழி

இப்பணியில் தமிழ் அறிந்த மாணவர்க்குத் தனிப் பொறுப்பு ஒன்று உண்டு. இந்திய விளையாட்டு ஏடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. ஆங்கில எழுத்தில் குறிலும் நெடிலும் தெளிவாகத் தோன்றுவதில்லை. ந, ண, ன ஆகிய மூன்றும் ஒன்றாகிவிடும். லகரமும் ளகரமும் வேறுபாடின்றி நிற்கும். அருமைநாயகம் என்னும் ஒரே பெயர் சில பட்டியல்களில் 'அருமை நாயகம்' என இரு பெயர்போலப் பிரிந்து நிற்கிறது. தமிழர் வழக்கில் பெயருக்கு முன் வரும் எழுத்து தந்தையின் பெயரைக் குறிக்கும். இதனை அறியாதார், தந்தையின் பெயரையே வீரரின் பெயராக எழுதிவிடுதலும் உண்டு.

வீட்டார் வழங்கும் பெயரைத் தமிழில் எழுதி வைத்தால் இக்குழப்பம் நீங்கும். அவ்வாறே அணியில் உடன் ஆடியவர்களுள் கன்னடர், உருது பேசுவோர், தெலுங்கர், ஆங்கிலோ இந்தியர் எனப் பலரும் இருப்பர். அவர்தம் பெயர்களை அவர்கள் வீட்டாரிடமே கேட்டு எழுதுக. ஒரு பந்தின் பின்னால் ஓடியபோது அவர்கள் ஓரணியினர். தொகுப்பிலும் அவர்கள் ஓரணியாகவே நிற்றல் வேண்டும்.

நிறைவாக

2023 மார்ச்சில் கர்நாடக அணி மேகாலயாவை 3-2 என வென்று சந்தோஷ் கோப்பையைப் பெற்றது. 1968-69-க்குப் பின் 54 ஆண்டுகள் கழித்து அம்மாநிலத்திற்குக் கிட்டிய வெற்றி அது. முந்தைய வெற்றியை நினைவுகூரத்தக்க முதியோர் ஒருவர் ஊரில் இருந்தால், அன்று அவரது வீட்டுக்குச் செல்ல ஒரு நல்ல வாய்ப்பு ஏற்பட்டது எனலாம். அத்தகைய வாய்ப்புக்காக நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

நீங்கள் தில்லியில் வாழலாம். மும்பையிலோ கொல்கத்தாவிலோ வாழலாம். உங்கள் பெற்றோரும் பாட்டன் பாட்டியரும் குடியேறிய அவ்வூரில் அவர்கள் ஆடிய திடல் ஒன்று இருந்திருக்கும். அது கபடிக் களமாகவோ ஆக்கித் திடலாகவோ தெருமுனைக் கிரிக்கெட் ஆடுகளமாகவோ இருக்கலாம். இவ்வூருக்கு நாம் பிழைக்க மட்டும் வரவில்லை. இவ்வூரோடு சேர்ந்து ஆடியும் வாழ்ந்தோம் என்பதற்கு அதுவே சான்று. இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டிலுள்ள பெட்டியைத் திறந்து பாருங்கள். படம் கிடைத்தால் பாட்டியிடம் ஒரு பெயர் கேளுங்கள். மற்றப் பதின்மரின் பெயர்களுக்கு அடுத்த தெருவுக்குச் செல்லுங்கள்.

சொற்பொருள்

எஞ்சுதல் - மீதியாக இருத்தல்
நல்குதல் - கொடுத்தல்
பேணுதல் - பாதுகாத்தல்
இசைவு - சம்மதம்
படி - நகல்
கூற்று - சொல்லப்பட்ட செய்தி
ஏடு - எழுதி வைக்கப்பட்ட பதிவு

பயிற்சி

அ) ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. ரோவர்ஸ் கோப்பையை 1937-இல் வென்ற அணி எது? அவ்வெற்றியின் சிறப்பு யாது?
2. ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோலை அடித்தவர் யார்?
3. படத்தில் பெயர் தெரியாதவர்க்கு உரிய இடத்தை வெறுமையாக விடுவது ஏன்?

ஆ) ஐந்து தொடர்களில் விடை எழுதுக.
1. ஊரின் விளையாட்டு வரலாறு மறைவதற்குரிய காரணங்களைத் தொகுத்து எழுதுக.
2. இரு முதியோர் இருவேறு ஆண்டுகளைக் கூறினால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

இ) பிரித்து எழுதுக: அவ்வணி, மூலப்பொருள், இவ்வூர், பதினொருவர்

ஈ) செயல்திட்டம்: உங்கள் குடியிருப்பில் முன்பு விளையாடிய ஒருவரைச் சந்தித்து, அவருடைய இசைவுடன் ஐந்து வினாக்கள் கேட்டு விடைகளைத் தமிழில் எழுதுக. எழுதியதை அவரிடம் படித்துக்காட்டித் திருத்தியபின் வகுப்பில் வாசிக்க.